கடலில் வாழும் கூம்புச் சங்கு என்ற நத்தையின் விஷம் ஆளைக் கொல்லும் என்கிறார்கள், அதிலேயே வலி மருந்தும் இருக்கிறது என்கிறார்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்?

இரண்டும் சரிதான். அந்த விஷம் ஒரே சரக்கு இல்லை. ஒரு சங்கின் விஷக்குழாயில் நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிப் பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள், கலந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் நரம்பிலோ தசையிலோ பிடிக்கிற இடம் வேறு.

மீன் தின்னும் கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற இனத்தில் 'ஆல்ஃபா ஜிஐ' என்றொரு பெப்டைடு உண்டு. மொத்தமே 13 அமினோ அமிலங்கள், அவற்றில் 4 சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமிலம். முதல் சிஸ்டீன் மூன்றாவதோடும், இரண்டாவது நான்காவதோடும் கந்தகப் பிணைப்பில் மாட்டிக்கொள்ளும். வலையில் முடிச்சு இடம் மாறினால் கண்ணியின் உருவமே கோணிப்போகுமே, அதுபோல ஜோடி மாறினால் அதே 13 அமிலங்களும் வேறு உருவமெடுத்து, பெரும்பாலும் வேலைக்கு ஆகாமல் போய்விடும். உருவம் சரியாக இருந்தால், நரம்பு அனுப்பும் செய்திப் பொருளான அசிட்டைல்கோலின் தசையில் உட்கார வேண்டிய இடத்தை, அதாவது ஏற்பியை, இது முந்திப் பிடித்துக்கொள்ளும். நரம்பு சொல்வது தசைக்கு எட்டாது. மூச்சை இழுக்கும் உதரவிதானமும் தசைதானே, மூச்சு நின்றுவிடும்.

நான் பாறசாலையில் வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் நீரோடி, பொழியூர் கடற்கரைக்காரர்கள். ஒருத்தன் கேட்டான்: "அப்படின்னா சாரே, அது குத்துனா வலிக்காதா?" எல்லாரும் சிரித்தார்கள். கேள்வி மோசமில்லை. ஜியோகிராஃபஸ் குத்தினால் பெரிய வலி தெரியாமலே போவதுண்டு.

மருந்தான பெப்டைடு வேறு இனத்துடையது, கோனஸ் மேகஸ். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், பிலிப்பைன்ஸ்காரரான பால்டொமெரோ ஒலிவெராவின் ஆய்வகத்தில் மைக்கேல் மெக்கின்டாஷ் கண்டெடுத்தது. அப்போது அவர் மாணவர். 25 அமினோ அமிலங்கள், மூன்று கந்தகப் பிணைப்புகள். 13-ஆம் இடத்து டைரோசினை எடுத்துவிட்டு அலனினை வைத்தால் போதும், பிடிமானம் படுத்துவிடும். இந்தப் பெப்டைடு அடைப்பது நரம்பு முனையில் இருக்கும் என்-வகைக் கால்சியம் சேனலை, அதாவது கால்சியம் உள்ளே போகும் ஒருவகை வாசலை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: மீனுக்கு நரம்பும் தசையும் சேருமிடத்தில் இந்த வகைச் சேனல் முக்கியம், அதனால் மீன் அசைவற்றுப் போகும். நமக்கு அங்கே வேலை செய்வது வேறு வகைச் சேனல். என்-வகை நம் தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கடத்துகிறது. ஆக, மீனை முடக்குகிற அதே பெப்டைடு நம்மிடம் வலியை மறிக்கிறது.

இதுதான் சிகோனோடைடு. 2004 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முழுக்க ஆய்வகத்தில் செய்வது, சங்கைக் கொல்ல வேண்டியதில்லை. மார்ஃபின்போல உடம்பு பழகி டோஸ் ஏறிக்கொண்டே போகிற தொல்லையும் கிடையாது. ஆனால் மாத்திரையாக விழுங்க முடியாது. பம்ப் வைத்துத் தண்டுவட நீரில்தான் செலுத்த வேண்டும். தலைசுற்றல், மனக்குழப்பம், சிலருக்கு இல்லாதது கண்ணில் தெரிவதுகூட உண்டு. அதனால் வேறு எதற்கும் கேட்காத கடும் வலிக்குத்தான் தருகிறார்கள். அதிசய மருந்து என்று ஃபார்வர்டு செய்பவர்கள் இதையும் சேர்த்து அனுப்பலாம்.

நம் பக்கத்துச் சங்கும் சும்மா இல்லை. வங்கக் கடலில் கிடைக்கும் கோனஸ் அமாடிஸிலிருந்து நம் நாட்டு ஆய்வாளர்கள் பிரித்த 26 அமிலப் பெப்டைடு ஒன்று, சோடியம் சேனலை மூட விடாமல் இழுத்தடிக்கும். ஆகவே வலை உதறும்போது உயிரோடு கூம்புச் சங்கு விழுந்தால் கையால் எடுக்காதீர்கள். ஒடுங்கிய முனையிலிருந்து தும்பிக்கைபோல ஒன்று நீண்டு, வளைந்து வந்து குத்தும். அகல முனையைப் பிடித்தாலும் எட்டிவிடும். குத்திவிட்டால் முறிமருந்து கிடையாது. விஷம் இறங்கும்வரை செயற்கைச் சுவாசம் கொடுக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.