ஸ்டென்ட் இருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 71. லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சில மாதங்களாக மறதி அதிகமாகிவிட்டது. சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்று, இப்போது மூளைக்கு எம்.ஆர்.ஐ. வேண்டும் என்கிறார் நரம்பியல் மருத்துவர். ஸ்டென்டோடு காந்தத்துக்குள் போனால் உயிருக்கே ஆபத்து, கதிர்வீச்சும் அதிகம் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். சி.டி.யில் தெரியாதது இதில் என்ன தெரிந்துவிடும்? அவர் மனதில் ஓடுவதும் தெரியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஸ்டென்ட் ஒரு தடையே அல்ல. இதய ரத்தக்குழாயில் இன்று வைக்கப்படும் ஸ்டென்டுகள் காந்தம் இழுக்காத வகை எஃகிலோ கோபால்ட்-குரோமியம் கலவையிலோ செய்யப்பட்டவை. மருத்துவமனைகளில் வழக்கமாக உள்ள 1.5, 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தத்தின் வலுவைக் குறிக்கும் அலகு) இயந்திரங்களுக்கு அவை சோதிக்கப்பட்டிருக்கின்றன. ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்டென்ட் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள், போதும்.

எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த இன்னொரு சொல்: லேத். பட்டறையில் இரும்பைக் கடைந்தவர்கள், கிரைண்டிங் செய்தவர்கள், வெல்டிங் வைத்தவர்கள் கண்ணில் இரும்புத் துகள் தெறிப்பது சாதாரணம். வெளியே எடுத்ததுபோக மிச்சம் ஒரு சிறு துணுக்கு கண்ணுக்குள் பல ஆண்டுகள் தொந்தரவு தராமல் கிடக்கக்கூடும். வலுவான காந்தத்தின் அருகே அது நகர்ந்தால் கண்ணுக்குள் கிழிந்து பார்வையே போகலாம். அப்படி நடந்ததும் உண்டு. எனவே அப்பாவிடம் பொறுமையாகக் கேளுங்கள்: எப்போதாவது கண்ணில் இரும்பு பட்டு டாக்டரிடம் போனாரா, எடுத்தது முழுவதும் வந்ததா? மறதி உள்ளவர் என்பதால் அம்மாவையும், அவரோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் சென்டரில் சொல்லுங்கள். கண்குழிக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஏற்கெனவே எடுத்த சி.டி.யில் கண்கள் முழுமையாகப் பதிவாகியிருந்தால், அதைப் பார்த்தே கதிரியக்க மருத்துவர் முடிவு சொல்லிவிடவும் கூடும். அந்தப் பிலிமை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கதிர்வீச்சு விஷயத்தில் உறவினர்கள் இரண்டையும் மாற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எக்ஸ்ரே கதிரைப் பயன்படுத்துவது சி.டி.தான். அதிலும் தலைக்கு எடுக்கும்போது சுமார் 2 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவே. எம்.ஆர்.ஐ.யில் அத்தகைய கதிர் துளியும் இல்லை. உடலில் பெரும்பகுதி நீர். நீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. 1.5 டெஸ்லா இயந்திரம் என்றால், பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு வலுவான புலத்துக்குள் அந்த ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் கொண்டுசென்று, சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால் தூண்டுகிறார்கள். பண்பலை வானொலியின் அலைவரிசைக்குச் சற்றுக் கீழே உள்ள அலைதான் அது. தூண்டல் நின்றதும் அணுக்கருக்கள் திருப்பி அனுப்பும் மெல்லிய சமிக்ஞையிலிருந்து படம் உருவாகிறது. கொழுப்பும் நீரும் மூளைத் திசுவும் வெவ்வேறு வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்புவதால்தான் படத்தில் கறுப்பும் வெளுப்புமாகப் பிரிந்து தெரிகின்றன. இந்தச் சமிக்ஞை எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டறிய வழி சொன்ன பால் லாட்டர்பரும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டும் 2003இல் நோபல் பரிசு பெற்றார்கள். தடதடவென்று கேட்கும் சத்தம், இடத்தைக் குறிக்கும் கம்பிச்சுருள்களில் மின்னோட்டம் மாறி மாறிப் பாய்வதால் எழுவது. காதுக்கு அடைப்பான் தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

காந்தம் எந்நேரமும் இயங்கிக்கொண்டே இருக்கும். திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்ட சுருள் அது; அந்தக் குளிரில் மின்தடையே இல்லாததால் மின்னோட்டம் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். படம் எடுக்காதபோதும், மின்சாரம் போனாலும், அதன் இழுப்பு அப்படியேதான் இருக்கும். 2018இல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போன நோயாளியின் உறவினர் ஒருவர் உயிரிழந்தார். ஆகவே கூடப் போகும் உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: தாலியில் கோத்திருக்கும் ஊக்கு, கொண்டை ஊசி, செல்போன், ஏ.டி.எம். அட்டை, கைத்தடி எல்லாம் கதவுக்கு வெளியே. அப்பாவின் தாயத்து, வெள்ளி அரைஞாண், கழற்றக்கூடிய பல்செட், காதுகேள் கருவி ஆகியவையும் அப்படியே. வெள்ளியைக் காந்தம் இழுக்காதுதான். ஆனால் வளையமான உலோகத்தில் ரேடியோ அலை மின்னோட்டத்தைத் தூண்டித் தோலைச் சுட்டுவிடும். அரைஞாணைக் கழற்ற வயதானவர்கள் பலர் ஒப்ப மாட்டார்கள். இந்தப் பேச்சை முந்தைய நாள் இரவே வீட்டில் முடித்துக்கொள்வது நல்லது.

பேஸ்மேக்கர், காது கேட்க உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப் ஆகியவை இருந்தால் கதை வேறு. எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று பார்க்காமல் யாரும் உள்ளே விடக்கூடாது.

இனி, சி.டி.யில் தெரியாதது என்ன? ரத்தக்கசிவு, பெரிய கட்டி, எலும்பு முறிவு ஆகியவற்றை நிமிடக்கணக்கில் காட்டுவதில் சி.டி. கெட்டிக்காரன். ஆனால் மென்மையான திசுக்களின் நுணுக்கத்தில் அது எம்.ஆர்.ஐ.க்கு ஈடாகாது. சத்தமில்லாமல் வந்துபோன சிறு பக்கவாதங்கள், நுண்ணிய ரத்தக்கசிவின் தடங்கள், நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதெல்லாம் இதில் தெளிவாகத் தெரியும். அல்சைமர் நோயில் முதலில் சுருங்கும் இடங்களில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு போன்ற காரணங்களை ரத்தப் பரிசோதனையில்தான் தேட வேண்டும். அவற்றைச் சரிசெய்தால் மறதி குறையவும் கூடும். அந்தப் பரிசோதனைகள் இன்னும் ஆகவில்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் 'மூளைச் சுருக்கம்', 'வெண்பகுதி மாற்றங்கள்' என்ற பொருளில் வரிகள் இருந்தால் இடிந்துபோய்விடாதீர்கள். எழுபதைத் தாண்டியவர்கள் பலரது மூளைப் படத்தில், நன்றாக நடமாடுகிறவர்களாக இருந்தாலும், இவை ஓரளவு இருக்கவே செய்யும். வயதுக்கு உரியதா அதற்கு மீறியதா என்பதை ஆளையும் படத்தையும் சேர்த்துப் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல முடியும். அறிக்கையைப் படம் பிடித்து உறவினர் குழுவில் போடுவது வீண் வேலை.

மனதில் ஓடுவது தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு எடுக்கப்போவதில் தெரியாது. அது மூளையின் அமைப்பை மட்டும் காட்டும். செயல்பாட்டைக் காட்டும் எம்.ஆர்.ஐ. தனி வகை. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவுக்கேற்ப சமிக்ஞை மாறுவதை 1990இல் செய்ஜி ஒகாவா காட்டியதிலிருந்து அது வளர்ந்தது. நரம்பணுக்கள் வேலை செய்யும் இடத்துக்குச் சில விநாடிகள் கழித்து ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அதைத்தான் அது அளக்கிறது, எண்ணத்தை அல்ல. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன.

ஆனாலும் அதன் சாதனை சிறியதல்ல. உணர்வற்ற நிலையில் இருப்பதாகக் கருதப்பட்ட ஓர் இளம்பெண்ணிடம், டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, நலமாக இருப்பவர்களுக்கு எங்கே செயல்பாடு தெரியுமோ அதே இடத்தில் அவருக்கும் தெரிந்தது. ஏட்ரியன் ஓவன் குழுவினர் 2006இல் வெளியிட்டது இது. புள்ளிவிவரத்தில் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. கிரெய்க் பென்னட் குழுவினர் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை இயந்திரத்தில் வைத்து, அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது சில தற்செயலாகவே ஒளிர்வதுபோலத் தெரியும்; அதற்கு உரிய திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது மீனின் மூளையிலும் 'செயல்பாடு' தென்பட்டது! உங்கள் மூளையைப் படம் எடுத்துக் குணத்தைச் சொல்கிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் இந்த மீனை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனுக்குப் பெரும்பாலும் இருபது முதல் நாற்பத்தைந்து நிமிடங்கள் ஆகும். தலையை அசைக்கக் கூடாது. குறுகிய குழாய்க்குள் படுக்க அப்பாவுக்குப் பயம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையில் அழுத்துவதற்கு ஒரு பந்து கொடுப்பார்கள். அழுத்தினால் உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். மறதிக்கான முதல் ஸ்கேனுக்குக் கான்ட்ராஸ்ட் ஊசி (படம் இன்னும் துலக்கமாகத் தெரியச் செலுத்தும் மருந்து) பெரும்பாலும் தேவைப்படாது. தேவை என்றால் சிறுநீரகச் செயல்பாட்டுக்கான ரத்த அறிக்கையைக் காட்டுங்கள். '3 டெஸ்லா' என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யும் இடத்தைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் அப்பாவின் தேவைக்கு 1.5 டெஸ்லாவே போதும்.