ஃபிரிட்ஜில் உறைந்துபோன ஃபேஜ் மருந்து

கேள்வி: சர்க்கரை நோயாளியான அப்பாவின் கால் புண்ணில் உள்ள கிருமி எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்கவில்லை. ஜார்ஜியா நாட்டின் திபிலீசி வரை போய் ஃபேஜ் மருந்து பத்து குப்பி வாங்கி வந்தோம். வீடு வந்து சேர்வதற்குள் ஐஸ் பேக் உருகிவிட்டது. ஃபிரிட்ஜில் வைத்ததில் நாலு குப்பி உறைந்தும் போயிற்று. உருக்கிப் போடலாமா? கொடுத்த காசை நினைத்தால் கொட்ட மனம் வரவில்லை.

பதில்: அந்த நாலையும் தனியே எடுத்து வையுங்கள், புண்ணில் விட வேண்டாம். ஃபேஜ் என்பது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். உள்ளே மரபுப்பொருள், அதைச் சுற்றி ஒரு புரத உறை, பெரும்பாலும் ஒரு வால், அவ்வளவுதான் அதன் உடம்பு. வெறும் கரைசல் உறையும்போது ஐஸ் படிகங்கள் அதைச் சிதைத்துவிடக்கூடும். வால் போனால் கிருமியில் ஒட்டவே முடியாது. ஆய்வகங்களில் மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறார்களே என்றால், அங்கே பெரும்பாலும் ஐஸ் படிகத்திலிருந்து காக்கும் கிளிசரால் கலந்துதான் உறைய வைக்கிறார்கள்.

மற்ற ஆறில் எனக்கு நம்பிக்கை உண்டு. சில மணி நேரச் சூட்டைப் பல ஃபேஜ்கள் தாங்கும். ஆனால் எல்லாம் ஒரே ரகமல்ல. எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று எழுதி, பேட்ச் எண்ணோடு கொடுத்தவர்களிடமே கேளுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது: ஒரு மில்லியில் கோடி ஃபேஜ் இருந்தாலும் ஆயிரமே மிஞ்சியிருந்தாலும் திரவம் ஒரே மாதிரி தெளிவாகத்தான் இருக்கும். ஆய்வகத்தில் கிருமி பரப்பிய தட்டில் சொட்டு விட்டு, கிருமி செத்த இடங்களில் விழும் ஓட்டைகளை எண்ணினால்தான் தெரியும். தெளிவாக இருந்தது கலங்கியிருந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

லேபிளில் 2 முதல் 8 டிகிரி என்று இருந்தால், ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்கு அடியிலும் பின்சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது. உங்கள் நாலு குப்பியும் அங்கேதான் இருந்திருக்கும்! கதவுத் தட்டும் சரிப்படாது; திறக்கத் திறக்கச் சூடேறும். நடுத்தட்டில், அட்டைப்பெட்டியோடு வையுங்கள், வெளிச்சமும் படாது. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும்.

இன்னொன்று, பலர் தவறுவது இங்கேதான். பீட்டாடைன் வைத்துக் கட்டிய புண்ணில் அப்படியே ஃபேஜை ஊற்றினால், கிருமிக்கு முன்னால் ஃபேஜ்தான் செத்துப்போகும். முதலில் சலைனால் நன்றாகக் கழுவச் சொல்லி டிரெஸ்ஸிங் செய்யும் நர்ஸிடம் கேளுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் ஆகாது.