ரயிலும் பாலமும் வெள்ளைக்காரன் கொடுத்ததுதானே, அவனை ஏன் இன்னும் திட்டுகிறோம்?

நான் திருநெல்வேலிக்காரன். அதனால் பாலத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினால் தாமிரபரணியைத் தாண்டுவது சுலோசன முதலியார் பாலத்தில். ஜன்னலோரம் உட்கார்ந்தால் பழைய வளைவுகள் தண்ணீருக்குள் இறங்குவது தெரியும். சின்ன வயதில் அதைத் தாண்டும்போதெல்லாம், "வெள்ளக்காரன் கட்டுனது, எப்படி நிக்குது பாரு" என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். பாலத்தின் பெயரிலேயே பதில் இருப்பது எனக்கு உறைத்தது ரொம்பப் பின்னால்தான்.

அதற்கு முன்னால் ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். ஊர்மக்களிடம் பணம் திரட்டிப் பாலம் கட்டலாம் என்பதுதான் கலெக்டரின் யோசனை. கலெக்டர் ஆபீஸில் சிரஸ்ததாராக, அதாவது உள்ளூர் அலுவலர்களுக்குத் தலைவராக, இருந்த சுலோசன முதலியார் மொத்தச் செலவையும் தானே ஏற்றுக்கொண்டார். 1843-ல் பாலம் திறந்தது. வரைபடம் போட்டவர் ஆங்கிலேயர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கில் போட்டது 1799-ல். 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தச் சீமை முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டது. நாற்பது வருஷம் இங்கே வரி வாங்கியவர்கள், ஒரு பாலத்துக்கு ஊராரிடமே கை நீட்டப் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடமும் அவர்கள்தானே தந்தார்கள் என்பீர்கள், சரி. அதை மிஷனரிகள் கணக்கில் வையுங்கள். எங்கள் அம்மா எழுத்துக் கற்றது அவர்கள் பள்ளியில்தான். அந்த நன்றி எனக்கு உண்டு.

ரயில் தூத்துக்குடிக்கு 1870-களிலேயே வந்துவிட்டது. கரிசல்காட்டுப் பருத்தி துறைமுகம் போய்க் கப்பலேற அது நல்ல வசதி. அந்தக் கப்பல் வெள்ளைக்காரனுடையதாக இருந்தவரை ஒரு சிக்கலும் இல்லை.

நம் ஆள் ஒருவர் கப்பல் விட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வ.உ.சி. 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. அப்படியும் சனங்கள் சுதேசிக் கப்பலை விடவில்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடியில் வெள்ளைக்காரர் நடத்திய கோரல் நூல் மில்லின் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கும் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். அதில் கூலி உயர்வும் கிடைத்தது.

மார்ச் 12-ம் தேதி இருவரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியே தெருவில் இறங்கியது. கடைகள் அடைத்தாயிற்று, கல்லூரி மாணவர்கள் வெளியே வந்துவிட்டார்கள், அரசு அலுவலகங்களில் தீ வைத்தார்கள். துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே கொடுத்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், 1912 கடைசியில் அவர் வெளியே வரும்போது கம்பெனி நொடித்துப் போயிருந்தது. கப்பல் விட்டவர் சிறையில் செக்கிழுத்திருந்தார்.

என்னால் ஆறவே முடியாதது வேறொன்று. அந்த நான்கு பேர் செத்த பிறகு, ஊரை அடக்கி வைக்கக் கூடுதல் போலீஸைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் போலீஸுக்கான செலவைத் திருநெல்வேலி, தூத்துக்குடி மக்களிடமே தண்ட வரியாகப் பிடுங்கினார்கள்.