டாயிங் வேறு, டேனிங் வேறு

பழைய பட்டியலில் ‘டாயிங்’ (tawing) என்று இருப்பது ‘டேனிங்’ (tanning) என்பதன் அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தீர்கள். அது அச்சுப்பிழை இல்லைங்க. வடஆற்காட்டுப் பழைய தோல் வணிகப் பட்டியலில் நீங்கள் பார்த்த ‘டாயிங்’ தனிச் சொல்; இரண்டும் தோலைப் பதப்படுத்தும் வெவ்வேறு முறைகள். தயவுசெய்து ‘டேனிங்’ என்று திருத்திவிடாதீர்கள்.

டேனிங்கில் ஆவாரம்பட்டை, கடுக்காய் இவற்றின் துவர்ப்பு தோல் நாரோடு பிணைந்துகொள்ளும். தோல் பழுப்பாகும், நனைந்தாலும் எளிதில் அழுகாது. டாயிங்கில் பட்டையே கிடையாது. படிகாரம், உப்பு, கூடவே மாவும் முட்டை மஞ்சள்கருவும் சேரும். தோல் வெள்ளை வெளேரென்று, கையுறை தைக்கிற மென்மையோடு வரும். ஆனால் தண்ணீரில் ஊறினால் படிகாரம் கரைந்து போய், காய்ந்ததும் பச்சைத்தோல் மாதிரி விறைத்துவிடும்.

இரண்டையும் ‘பதனிடுதல்’ என்றே தமிழில் எழுதிவிடுவதால்தான் குழப்பம் வந்திருக்கும்.

சரிபார்க்க, அதே பக்கத்தில் என்ன சரக்கு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பட்டை என்றால் டேனிங்; படிகாரம் என்றால் டாயிங். அதற்குப் ‘படிகாரப் பதம்’ என்று போடலாம். பக்கத்தில் ‘கறியிங்’ இருந்தால் அது மூன்றாவது வேலை: பதனிட்ட தோலுக்கு எண்ணெயும் கொழுப்பும் ஏற்றுவது.

ஒரு எச்சரிக்கை. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துக் குரோம் தோலை, அதாவது குரோம் உப்பால் பதனிட்ட தோலை, டாயிங்கில் சேர்க்காதீர்கள். குரோமும் தாது உப்புதான், ஆனால் நாரோடு இறுகப் பிணைந்துவிடும். நன்றாகப் பதமான குரோம் தோல் கொதிநீரிலும் சுருங்காது. அது டேனிங்தான்.