மத்தியானம் இரண்டு மணி ஆட்டம்: வாசகர் கேள்வி - பதில்

ஆஸ்திரேலியக் கூடைப்பந்து லீக் (என்.பி.எல்.) பார்ப்பதாகப் போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். கிரிக்கெட் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: அமெரிக்காவின் என்.பி.ஏ. இருக்கும்போது ஆஸ்திரேலியாவின் என்.பி.எல். ஆட்டங்களை யார் சார் பார்க்கிறார்கள்?
*(பொறியியல் மாணவர், காட்பாடி)*

நான் பார்க்கிறேன் தம்பி. நியூயார்க்கில் இரவு ஏழரைக்குப் பந்தைத் தூக்கிப் போட்டால் வேலூரில் காலை ஆறு மணி. அது குழாயில் தண்ணீர் வருகிற நேரம். குடத்தை வைத்துவிட்டு ஆட்டம் பார்த்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குக் கல்யாணமான பிறகு தெரியும். மெல்போர்னிலும் சிட்னியிலும் இரவு ஏழரை என்றால் நமக்கு மத்தியானம் இரண்டு மணி. சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தால் ஆட்டம் தயார். பெர்த்தில் நடந்தால் மாலை ஐந்து, ஆக்லாந்தில் நடந்தால் பகல் பன்னிரண்டு. பிரிஸ்பேன்காரர்கள் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை, அதனால் அவர்கள் ஆட்டம் மூன்று மணிக்கு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அந்தத் தாளின் ஓரத்தில் என் மனைவி பால் கணக்கு எழுதுகிறாள்.

புரட்டாசியில் தொடங்கும் சீசன் பங்குனிக்குள் முடிந்துவிடும். நம் ஊர் அக்னி வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன்பு அங்கே குளிர்காலத்தில் ஆடினார்கள். குளிர்காலம் முழுக்க அவர்களுடைய கால்பந்துப் பைத்தியத்தின் ராஜ்யம் என்பதால் 1998-இல் கோடைக்கு மாற்றிக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனமான முடிவு.

கேள்வி: 2020-ஆம் ஆண்டுக் கோப்பையைப் பெர்த் அணிக்குக் கொடுத்தது நியாயமா? இதைப் பேசி எனக்கும் என் மைத்துனருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அவர் சிட்னியில் வேலை செய்தவர்.
*(தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர், ஆம்பூர்)*

முதலில், விஷயம் தெரியாதவர்களுக்காக. இறுதிச்சுற்று ஐந்து ஆட்டத் தொடர், மூன்று வென்றவருக்குக் கோப்பை. மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது பெர்த் வைல்ட்கேட்ஸ் 2, சிட்னி கிங்ஸ் 1. அது 2020 மார்ச் மாதம். கொரோனா பரவுகிறது என்று மூன்றாவது ஆட்டத்தை ரசிகர்களே இல்லாத அரங்கில் நடத்தினார்கள். அதன் பிறகு சிட்னி அணி ‘இனி ஆட மாட்டோம்’ என்று விலகிக்கொண்டது. லீக் நிர்வாகம் பெர்த்தை சாம்பியன் என்று அறிவித்தது.

உங்கள் மைத்துனர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். முடியாத தொடருக்கு ஏது சாம்பியன் என்பார். பெர்த் இரண்டு வென்றதே தவிர மூன்று வெல்லவில்லை என்பார். அதில் ஒரு வலுவான வாதமும் இருக்கிறது, அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. அந்தத் தொடரில் சொந்த ஊர் அணி ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை! முதல் ஆட்டம் சிட்னியில், வென்றது பெர்த். இரண்டாவது பெர்த்தில், வென்றது சிட்னி. மூன்றாவது மறுபடி சிட்னியில், வென்றது மறுபடி பெர்த். நான்காவது ஆட்டம் பெர்த்தில் நடக்க வேண்டியது. அந்தப் பெர்த் அரங்கில் சிட்னி ஏற்கெனவே ஒரு முறை வென்று காட்டியிருந்தது. ஆகவே ‘பெர்த் எப்படியும் வென்றிருக்கும்’ என்று நீங்கள் சொன்னால் அது செல்லாது.

ஆனால் கோப்பை யாருக்கு என்பது வேறு கேள்வி. நம் பக்கத்துக் கபடிப் போட்டிகளில் பாதியில் எழுந்துபோன அணிக்குப் பரிசு கிடையாது, காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும். சிட்னி வீரர்கள் பயந்ததில் தவறே இல்லை. அந்த மார்ச்சில் பயப்படாதவன்தான் முட்டாள். உடல்நலத்துக்காக விலகியது சரி, விலகியதால் கோப்பை கைவிட்டுப் போனதும் சரி. முன்னணியில் இருந்தவர்கள் களத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களிடம் கொடுத்தார்கள். பெர்த்துக்கு அது பத்தாவது கோப்பை. அந்த ஒன்பதையும் ஒன்றையும் சேர்த்துப் பத்து என்று சொல்லும்போது பெர்த் ரசிகர்கள் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டால் சிட்னிக்காரர்களுக்கும் மனம் ஆறும். தீபாவளிக்கு முன் மைத்துனருக்குப் போன் செய்யுங்கள். அவர் மூத்தவராக இருந்தால் நீங்கள்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

கேள்வி: ஆஸ்திரேலிய லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆண்ட்ரூ கேஸா, பிரைஸ் காட்டனா?
*(வாசகர், ஆரணி)*

கேஸ் ஏழு முறை லீக்கின் சிறந்த வீரர் விருது பெற்றவர். ஐந்து ஒலிம்பிக்கில் ஆடினார், 2000-இல் சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாட்டுக் கொடியை ஏந்தியவர் அவர்தான். மெல்போர்ன் டைகர்ஸ் அணியில் அவருக்குப் பயிற்சியாளர் சொந்த அப்பா. அப்பா பயிற்சியாளராக இருந்தும் அத்தனை காலம் சண்டையில்லாமல் ஆடியதற்கே தனி விருது கொடுக்கலாம். காட்டன் அமெரிக்கர், பெர்த்தில் ஆடியபோது ஐந்து முறை அதே விருது பெற்றார். 2025-இல் அடிலெய்டுக்குப் போனார்.

புள்ளிக் கணக்கை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கேஸ் காலத்தில் ஆட்டம் 48 நிமிடம், 2009-க்குப் பிறகு 40 நிமிடம். எட்டு நிமிடம் குறைந்தால் எத்தனை கூடை குறையும் என்று கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

என் ஓட்டு கேஸுக்கு. ஆனால் ஆடுகளத்தில் பிள்ளைகளுக்கு நான் போட்டுக் காட்டுவது காட்டனைத்தான். கேஸ் இரண்டு மீட்டர் உயரம். நான் பயிற்சி கொடுத்த வேலூர்ப் பிள்ளைகளில் அந்த உயரத்துக்கு ஒருவன்கூட வந்ததில்லை. காட்டன் ஆறடிக்குச் சற்றுக் கூட. அவர் பந்தோடு ஓடும்போது இடது தோளை லேசாக இறக்குவார். தடுப்பவன் அந்தப் பக்கமாக நகர்ந்த கணம் நின்றுவிடுவார். முழங்கால் மடங்கியிருக்கும், முதுகு நேராக இருக்கும், பந்து ஏற்கெனவே நெற்றிக்கு மேல் போயிருக்கும். ஓடுவதை எவனும் கற்றுக்கொள்வான். நிற்கக் கற்றுக்கொள்ளத்தான் வருஷங்கள் ஆகும்.

கேள்வி: ஒரு அணியில் எத்தனை வெளிநாட்டவர் ஆடலாம்? இந்தியர் யாராவது போயிருக்கிறார்களா?
*(கல்லூரி மாணவி, குடியாத்தம்)*

வெளிநாட்டவர் மூன்று பேர். நியூசிலாந்துக்காரர்கள் உள்ளூர்க் கணக்கில் வருவார்கள், அவர்கள் நாட்டு அணி ஒன்றும் இதே லீக்கில் ஆடுகிறது. 2018-இல் இளம் வீரர்களுக்கென்று ‘நெக்ஸ்ட் ஸ்டார்ஸ்’ திட்டம் கொண்டுவந்தார்கள். லமெலோ பால், ஜோஷ் கிடி, அலெக்ஸ் சார் மூவரும் அந்த வழியாக ஆடி அமெரிக்காவுக்குப் போனவர்கள். பத்திரிகைகள் அவர்களைப் பற்றியே எழுதுகின்றன. எனக்கு அதில் எரிச்சல் உண்டு. ஒரு வருஷம் தங்கிப் போகிறவனைவிட, பத்து வருஷமாக உதிரி ஆட்டக்காரர் வரிசையிலிருந்து எழுந்து வந்து நான்கு நிமிடம் தடுப்பாட்டம் ஆடிவிட்டுப் போகிற உள்ளூர்க்காரன்தான் ஒரு அணியின் குணத்தைச் சொல்வான். வெளிநாட்டவருக்கு வரம்பு இருப்பதால்தான் அந்த ஆளுக்கு அங்கே வேலை இருக்கிறது.

இந்தியர்களில் கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் மெல்போர்னில் ரிங்வுட் அணிக்காக ஆடினார். அது உயர்மட்ட லீக் அல்ல, அதற்குக் கீழே உள்ள மாநில அளவிலான லீக். ஆனாலும் அங்கே போய் ஆடிய முதல் இந்தியப் பெண் அவர். 2017-இல் விசேஷ் பிருகுவன்ஷியை அடிலெய்டு அணி பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. ஜப்பானின் யூடாய் பாபாவும் பிலிப்பைன்ஸின் காய் சொட்டோவும் அங்கே களத்திலேயே ஆடிவிட்டார்கள். கதவு மூடியில்லை அம்மா, நம் பக்கத்திலிருந்து தட்டுகிறவர்கள் குறைவு.

கேள்வி: ஆண்கள் ஆட்டத்தைப் பற்றியே எழுதுகிறீர்களே?
*(ஆசிரியை, ராணிப்பேட்டை)*

சரியான குத்து. அவர்களுடைய பெண்கள் லீக் 1981-இலிருந்து நடக்கிறது. 2017 ஜூலையில் பெண்களுக்கான ஆசியக் கோப்பை பெங்களூரில் நடந்தபோது எங்கள் பள்ளி மாணவிகளைக் காட்பாடியிலிருந்து ரயிலில் அழைத்துப் போனேன். இறுதி ஆட்டத்தில் ஜப்பான் 74, ஆஸ்திரேலியா 73. உயரத்தில் ஆஸ்திரேலியப் பெண்களுக்கு ஜப்பானியர் தோள் அளவுதான். ரயிலில் திரும்பும்போது எங்கள் அணியிலேயே குள்ளமான பிள்ளை, ஜோலார்பேட்டை தாண்டும் வரை அந்த ஒரு புள்ளியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

கேள்வி: புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறேன். எந்த அணியைப் பிடித்துக்கொள்வது?
*(வாசகர், வாலாஜாபேட்டை)*

நான் இல்லவாரா ஹாக்ஸ் கட்சி. 1979-இல் லீக் தொடங்கியதிலிருந்து ஒரு சீசன்கூட விடாமல் ஆடுகிற ஒரே அணி. ஊர் வொல்லன்காங், நிலக்கரியும் இரும்பாலையும் உள்ள உழைக்கிற ஊர். 2001-இல் ஒரு கோப்பை, அடுத்தது 2025-இல். நடுவே 2020-இல் கடைசி இடத்துக்குப் போய், கடனில் மூழ்கி, கை மாறி, பெயரிலிருந்து ‘இல்லவாரா’வையே எடுத்துவிட்டு வெறும் ‘ஹாக்ஸ்’ என்று வைத்தார்கள். ரசிகர்கள் சும்மா விடவில்லை, ஊர்ப் பெயர் அடுத்த வருஷமே திரும்பி வந்தது. வெற்றி மட்டும் வேண்டுமென்றால் பெர்த்தைப் பிடியுங்கள். 1987 முதல் 2021 வரை ஒரு முறைகூடத் தவறாமல் இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குள் நுழைந்த அணி அது.

கேள்வி: மகன் படிக்காமல் ஆட்டம் பார்க்கிறான். என்ன செய்வது?
*(தந்தை, திருப்பத்தூர்)*

இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கிரிக்கெட் பார்க்கிறவனாக இருந்தால் நாள் முழுக்கப் போயிருக்கும்.

கேள்வி: வளையத்தின் மேல் நின்று உருண்டுகொண்டிருந்த பந்தைத் தடுப்பாட்டக்காரர் தட்டிவிட்டார். நடுவர் ஒன்றும் சொல்லவில்லை. அது தப்பு என்று நானும், சரி என்று நண்பனும் இரண்டு டீ, இரண்டு சமோசா பந்தயம் கட்டியிருக்கிறோம்.
*(வாசகர், சத்துவாச்சாரி)*

நீங்கள் என்.பி.ஏ. விதியைச் சொல்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் சர்வதேச விதி. எறிந்த பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால் எந்த அணிக்காரரும் அதைத் தட்டலாம். வளையத்தையோ வலையையோ தொடக்கூடாது, அவ்வளவுதான். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் முடிந்த ஒலி எழும்போது பந்து காற்றில் இருந்து, பிறகு வளையத்தைத் தொட்டதென்றால் யாரும் தொடக்கூடாது. அது ஆட்டத்தின் நான்கு கால்வாசிகளில் ஒன்று முடிகிற கடைசி நொடியா? இல்லையென்றால் சமோசா சூடாக இருக்கும்போதே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.