கேள்வி-பதில்: ஹெலிகாப்டர் யார் கொடுத்தது?

கேள்வி: ‘பிளாக் ஹாக் டவுன்’ படத்தை மகனோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். நானும் பட்டாளத்தில் இருந்தவன்தான். துப்பாக்கி பிடிப்பது, ஓடுவது, கத்துவது எல்லாம் அசலாகவே இருக்கிறது. சோமாலியத் தலைநகர் மொகடிஷுவில் நடந்ததும் அப்படியேதானா?
– முன்னாள் ராணுவத்தினர், வேலூர்

பதில்: துப்பாக்கி பிடிப்பது அசலாக இல்லாமல் எப்படிப் போகும் ஐயா? நடிகர்களைப் படைமுகாமுக்கே அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். படத்தில் பறக்கும் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களும் அமெரிக்க ராணுவம் கொடுத்தவை. சம்பவத்தின் எலும்புக்கூட்டிலும் பெரிய பொய் இல்லை. 1993 அக்டோபர் 3, ஞாயிறு பிற்பகல், சோமாலிய ஆயுதக் குழுத் தலைவர் ஐதீதின் முக்கிய ஆட்கள் இருவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று அமெரிக்கப் படையினர் கிளம்பினார்கள். பகல்தானே என்று இரவில் பார்க்கும் கருவியையும், சீக்கிரம் வந்துவிடுவோமே என்று தண்ணீரையும் பல பேர் முகாமிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு ஹெலிகாப்டர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டு, மறுநாள் காலை வரை பக்காரா சந்தைப் பக்கத்துச் சந்துகளில் மாட்டிக்கொண்டார்கள், 18 அமெரிக்கர்கள் செத்தார்கள். இதெல்லாம் படத்தில் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது.

கோளாறு, கதையை எங்கே தொடங்குகிறார்கள் என்பதில்தான். சோமாலியாவின் பஞ்சம், ஜூனில் ஐதீதின் ஆட்கள் ஐ.நா. அமைதிப்படையின் 24 பாகிஸ்தான் சிப்பாய்களைக் கொன்றது, இதையெல்லாம் ஆரம்பத்தில் எழுத்தில் போட்டுவிட்டு நேராக அக்டோபருக்கு வந்துவிடுகிறது படம். நடுவில் ஒரு ஜூலை 12 இருக்கிறது. அன்று ஐதீதின் குலத்துப் பெரியவர்கள் கூடியிருந்த ஒரு வீட்டின்மேல் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணைகளை அடித்தன. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படியே ஐம்பதுக்கு மேல் பிணம் விழுந்தது. அக்டோபரில் அந்த ஊர் ஜனங்கள் ஏன் அப்படி ஆத்திரத்தோடு தெருவில் இறங்கினார்கள் என்பது இது தெரிந்தால்தான் புரியும். தெரியாமல் படம் பார்ப்பவர்களுக்கு, நாலா பக்கத்திலிருந்தும் காரணமே இல்லாமல் பாய்ந்து வரும் கூட்டமாகத்தான் அவர்கள் தெரிவார்கள், தெரிகிறார்கள். மார்க் பௌடன் எழுதிய மூலப் புத்தகத்தில் ஜூலை 12 இருக்கிறது. அவர் பத்திரிகைக்காரர், 1997ல் ஃபிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்றில் தொடராக எழுதியதைத்தான் பிறகு புத்தகமாக்கினார், மொகடிஷுவுக்கே போய் சோமாலியர்களிடமும் பேசியிருக்கிறார்.

படப்பிடிப்பு நடந்தது மொராக்கோவில். முக்கியமான சோமாலிய வேடங்களில் நடித்தவர்கள் சோமாலியர்களே இல்லை. உஸ்மான் அட்டோ என்ற ஐதீதின் கூட்டாளி பிடிபடும் காட்சி ஞாபகம் இருக்கிறதா, வரிசையாகக் கார்கள் போகும், ஆள் சுருட்டு பிடிப்பார்? படம் வந்தபோது அசல் அட்டோ உயிரோடுதான் இருந்தார். தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்று தான் போனது ஒரே ஒரு ஃபியட் காரில் என்று பேட்டி கொடுத்தார். மாட்டிக்கொண்டவர்களை விடியவிடிய மீட்கப் போன கவச வண்டிகள் மலேசியப் படையுடையவை, டாங்கிகள் பாகிஸ்தானுடையவை, மலேசியச் சிப்பாய் ஒருவர் அதில் செத்தும் போனார். படத்தில் இது கண் சிமிட்டும் நேரம்தான். பாகிஸ்தான் அதிபராக இருந்த முஷாரஃப் தன் சுயசரிதையில் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். மலேசியர்கள் புலம்பியதோடு நிற்காமல் 2023ல் தாங்களே ஒரு படம் எடுத்துவிட்டார்கள், அதில் அவர்கள்தான் ஹீரோ, வேறென்ன!

இன்னொரு முறை பார்த்தால் கடைசி நிமிடத்தைக் கவனியுங்கள். இரண்டு நாள் கழித்து இறந்தவரையும் சேர்த்து 19 அமெரிக்கர்களின் பெயர்களும் திரையில் வரும். சோமாலியர்களுக்கு ‘ஆயிரத்துக்கு மேல்’ என்று ஒரு வரி.

கேள்வி: ‘பார்டர்’ இந்திப் படத்தில் நம் ஜவான்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். லோங்கேவாலாவில் செத்தது இரண்டே பேர் என்று தாத்தா சொல்கிறார். யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: தாத்தா. 1971 போர், டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலா சாவடி. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியிடம் இருந்தது சுமார் 120 பேர், எதிரே பாகிஸ்தானின் டாங்கி வரிசை. ஜெய்சல்மேரில் இருந்த ஹண்டர் விமானங்களால் இருட்டில் ஒன்றும் செய்ய முடியாது, விடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். விடிந்ததும் விமானங்கள் வந்து மணலில் திறந்தவெளியில் நின்ற டாங்கிகளை ஒவ்வொன்றாக அடித்தன. நம் பக்கம் இறந்தது இரண்டு பேர். இவ்வளவு குறைந்த இழப்பில் தாக்குப்பிடித்ததுதானே அந்த இரவின் அதிசயம்? சினிமாவுக்கு அது போதவில்லை, பாட்டுக் காட்சியில் ஊரையும் காதலியையும் நினைத்தவன் பின்பாதியில் செத்தால்தான் தியேட்டரில் கண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டார்கள், வந்தது. பெருமை தரைப்படைக்கா விமானப்படைக்கா என்று ஓய்வுபெற்ற அதிகாரிகள் பின்னாளில் மல்லுக்கட்டியது தனிக்கதை.

கேள்வி: ராணுவத்தைக் குறை சொல்லி ஏன் யாரும் படம் எடுப்பதில்லை?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எடுக்கிறார்கள், ஆனால் டாங்கியை எங்கே போய் வாடகைக்கு எடுப்பது? அமெரிக்காவில் ராணுவத்திடம் தளவாடம் கேட்டால் முதலில் திரைக்கதையைக் கொடுக்க வேண்டும், பிடிக்காத இடத்தில் திருத்தச் சொல்வார்கள். வியட்நாம் போரை எடுத்த இயக்குநர் கொப்போலா ‘அப்போகலிப்ஸ் நவ்’ படத்துக்கு அந்த உதவி கிடைக்காமல் பிலிப்பைன்ஸுக்குப் போய் அதிபர் மார்க்கோஸ் அரசின் ஹெலிகாப்டர்களை வாடகைக்கு வாங்கினார். காட்சிக்கு எல்லாம் தயாராக இருக்கும்போது, கிளர்ச்சியாளர்களோடு நிஜச் சண்டை இருக்கிறது என்று அவை பாதியில் பறந்து போய்விடும்.

இங்கே 2020ல் பாதுகாப்பு அமைச்சகம், ராணுவம் சம்பந்தப்பட்ட படம் என்றால் வெளியிடுவதற்கு முன் தங்களிடம் தடையில்லாச் சான்று வாங்கச் சொல்லுங்கள் என்று தணிக்கை வாரியத்துக்குக் கடிதம் எழுதியது. தன்பாலின ஈர்ப்புள்ள ஒரு மேஜர் வேலையை விட்டு வந்த நிஜக் கதையைத் தழுவி இயக்குநர் ஓனிர் எழுதிய ஸ்கிரிப்டுக்கு அந்தச் சான்று மறுக்கப்பட்டது. அதில் சண்டைக் காட்சிக்கு டாங்கிகூடத் தேவைப்பட்டிருக்காது. அப்புறம் எந்தத் தயாரிப்பாளர் பணம் போடுவார், சொல்லுங்கள்.

கேள்வி: போரைப் பற்றிப் படிக்க ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்களேன்.
– வாசகி, மதுரை

பதில்: பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச், ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நடத்திய போரைப் பற்றி எழுதியது. துத்தநாகச் சவப்பெட்டியில் மூடி முத்திரையிட்டு வந்த பிள்ளைகளின் அம்மாக்கள் பேசுவார்கள், திரும்பி வந்த சிப்பாய்கள் பேசுவார்கள். ஆங்கிலத்தில் ‘பாய்ஸ் இன் ஜிங்க்’ என்ற பெயரில் கிடைக்கிறது. புத்தகம் வந்தபின் அதில் பேசிய சிலரே, நாங்கள் இப்படிச் சொல்லவில்லை என்று மின்ஸ்க் நீதிமன்றத்தில் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் அந்த விசாரணை விவரங்களையும் சேர்த்திருக்கிறார். அப்படி ஒரு பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.