கார் ஷெட்டில் சமையலறை: மேடையைக் கடைசியில் வரையுங்கள்

கேள்வி: நாங்கள் காட்பாடி காந்தி நகரில் இருக்கிறோம். மாமனார் கட்டிய வீடு, கிழக்குப் பார்த்த மனை. சமையல்கட்டு பின்பக்கம், 7 அடிக்கு 8 அடி. பகலிலேயே லைட் போட வேண்டும். நானும் மாமியாரும் உள்ளே நின்றால் ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் ஃபிரிட்ஜைத் திறக்க முடியும். வீட்டின் தெற்குப் பக்கம் 20 அடிக்கு 9 அடியில் கார் ஷெட் இருக்கிறது, மேலே கான்கிரீட் தளம். காரை விற்றுவிட்டோம், ஒரு ஸ்கூட்டி மட்டும்தான். ஷெட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே 3 அடி சந்து உண்டு. ஷெட் தரை வீட்டுத் தரையைவிட 9 அங்குலம் இறக்கம். மேஸ்திரி பார்த்துவிட்டு, "நடுச்சுவரை உடைச்சிட்டு கேட் பக்கம் ஒரு சுவரை எழுப்பி மேடையைப் போட்டுட்டா முடிஞ்சுது" என்கிறார். கணவருக்கு நடுவில் ஐலேண்ட் மேடை வேண்டும், மாமியாருக்குக் கிழக்குப் பார்த்துச் சமைக்க வேண்டும். எல் வடிவமா, யு வடிவமா, எது சரி?
வாசகி, காட்பாடி

பதில்: எல் வடிவமா, யு வடிவமா என்பதைக் கடைசியில் பார்க்கலாம் அம்மா. அதற்கு முன்னால் அந்த ஷெட் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் தெருக்குழாய்த் தண்ணீரும், அது வராத நாளில் லாரித் தண்ணீரும் இறங்க வசதியாக இருக்கட்டும் என்று சம்ப்பை கேட்டுக்குப் பக்கத்திலேயே, கார் நிற்கிற இடத்துக்கு அடியில்தான் கட்டுவார்கள். சில வீடுகளில் செப்டிக் டேங்கும் அங்கேதான். மாமியாரிடம் கேளுங்கள், வீடு கட்டியபோது கூட இருந்தவருக்கு நினைவிருக்கும்.

செப்டிக் டேங்க் அங்கே இருந்தால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள், சமாதானமே வேண்டாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை திறந்து கழிவை எடுத்தாக வேண்டிய தொட்டி அது, உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேரும், அதற்கு மேல் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது. சம்ப் என்றால் வழி உண்டு. மூடி மட்டும் சமையலறைக்கு வெளியே வருகிற மாதிரி சுவர் எங்கே எழும்ப வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ளலாம். மூடி உள்ளே மாட்டிக்கொண்டால், தரை துடைக்கிற தண்ணீரெல்லாம் குடிக்கிற தண்ணீரில் இறங்கும்.

அடுத்தது அந்த 9 அங்குலம். "ஒரு படிதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, பள்ளமான இடத்தில் தரையோடு தேங்கி நிற்கும். வீட்டைவிடத் தாழ்ந்த, நாலு பக்கமும் சுவர் எழுப்பிய ஷெட் அதற்குத் தோதான பள்ளம். கொதிக்கிற ரசத்தைத் தூக்கிக்கொண்டு வயதானவர் படி ஏறுவதையும் யோசித்துப் பாருங்கள். கார் கழுவுகிற தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்பதற்காக ஷெட் தரையை எப்போதும் கேட் பக்கம் வாட்டம் கொடுத்துப் போட்டிருப்பார்கள், அதன் மேல் அப்படியே டைல்ஸ் ஒட்டினால் மேடையின் ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் உயரம் ஒத்துவராது. ஆகவே மண்ணும் கிராவலும் போட்டு, தண்ணீர் விட்டுத் திமிசு அடித்து, மேலே 3 அங்குலம் கான்கிரீட் போட்டு வீட்டுத் தரை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நிரப்பிய பிறகு தரைக்கும் கூரைக்கும் நடுவே 9 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், இப்போதே டேப் பிடித்துப் பாருங்கள்.

நிரப்புவதற்கு முன்பே சிங்க் கழிவுக் குழாயைப் பதித்துவிட வேண்டும். ஒரு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுப்பது வழக்கம். உங்கள் சிங்க்கிலிருந்து பின்பக்கத் தொட்டி வரைக்கும் 20 அடி என்று வைத்துக்கொண்டால் 5 அங்குலம் இறங்க வேண்டும். உங்களிடம் நிரப்புவதற்கு 9 அங்குலம் இருக்கிறது, அதனால் குழாய் அந்தக் கனத்துக்குள்ளேயே அடங்கிவிடும். தரையைப் போட்ட பிறகு "சிங்க்கை இந்தப் பக்கம் மாத்திக்கலாமா" என்று கேட்டால் போட்டதை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. குழாய் திரும்புகிற இடத்தில் எல்லாம் ஒரு சேம்பர் (திறந்து அடைப்பு எடுக்கிற மூடி போட்ட சிறு தொட்டி) வையுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு அங்கேதான் அடைக்கும்.

நடுச்சுவர் விஷயத்தில் மேஸ்திரி சொல்வது மட்டும் போதாது. பழைய வீடு, தூண் இல்லாமல் 9 அங்குலச் செங்கல் சுவர் மேலேயே தளம் உட்கார்ந்திருக்கும். சுவர் முழுவதையும் உடைக்காமல் 4 அடிக்கு மட்டும் திறப்பு விட்டு, அந்தத் திறப்பின் தலைப்பில் பாரம் தாங்கச் சரியான லிண்டல் போட்டு, அது முடிகிற வரை தளத்துக்கு முட்டுக் கொடுத்துத்தான் உடைக்க வேண்டும். இன்னொன்றையும் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்: உங்கள் ஷெட் தளம் தூண் மேல் நிற்கிறதா, வீட்டுச் சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கிறதா? நீட்டிய தளத்தில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். அதன் விளிம்புக்குக் கீழே புதுச்சுவரை இறுக்கிக் கட்டினால் தளம் இரண்டு பக்கமும் தாங்கப்படுகிறது, இழுவிசை அடிப்பக்கத்துக்கு வருகிறது, அங்கே போதிய கம்பி இல்லை, விரிசல் விடும். பலமாக இருக்கட்டும் என்று செய்வதே வினையாகிவிடும் இடம் இது. தூண் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

சரி, இப்போது மேடைக்கு வருவோம். 20 அடியையும் சமையலறை ஆக்க வேண்டாம். முன்னால் கேட்டை ஒட்டி 4 அடியை அப்படியே திறந்து விடுங்கள், ஸ்கூட்டி குறுக்கே நிற்கும், தெருப்புழுதியும் மழைச்சாரலும் நேராக அடுப்பில் விழாது. பின்னால் 5 அடியைப் பாத்திரம் துலக்கவும் கிரைண்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஒதுக்குங்கள். சுவர்க் கனம் போக நடுவில் சுமார் 10 அடிக்கு 9 அடி கிடைக்கும். அதில் எல் வடிவம்தான் என் முடிவு. கிழக்குச் சுவரில் அடுப்பு, உங்கள் மாமியார் ஆசைப்படி கிழக்குப் பார்த்தே சமைக்கலாம், தென்கிழக்கு மூலையும் அமைந்துவிடுகிறது. தெற்குச் சுவரில் சந்துப் பக்கம் பார்த்த ஜன்னலுக்குக் கீழே சிங்க். இரண்டுக்கும் நடுவில் 3 அடியாவது வெற்று மேடை, காய் நறுக்கும் இடம். வடக்குச் சுவரில் ஹாலுக்குப் போகிற திறப்பு, அதன் பக்கத்தில் ஃபிரிட்ஜ். தண்ணீர் எடுக்க வரும் பிள்ளைகள் அடுப்படிக்குள் நுழையாமலே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கிற தூரத்தைக் கூட்டினால் 13 அடியிலிருந்து 26 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு, இந்த அமைப்பு அதற்குள் வசதியாக அடங்கும்.

உங்கள் கணவரிடம் டேப்பைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். 9 அடி அகலத்தில் மேடைக்கு 2 அடி, ஃபிரிட்ஜுக்கு இரண்டரை அடி போனால் மிச்சம் நாலரை அடி. இரண்டு பேர் முதுகோடு முதுகு இடிக்காமல் வேலை செய்ய 4 அடி வேண்டும். ஐலேண்டுக்கு இடமில்லை. அந்த வெற்றுத் தரை வீணும் அல்ல, கீரை ஆய மாமியார் உட்காரும் இடம் அதுதான்.

மேடை உயரத்தைக் கடைக்காரர் சொல்கிற 34 அங்குலத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். செருப்பில்லாமல் நின்று முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 முதல் 6 அங்குலம் கழியுங்கள், அது காய் நறுக்குகிற உயரம். அடுப்பு அதைவிடத் தாழ இருக்கலாம், ஏனென்றால் ஸ்டவ்வும் பாத்திரமும் சேர்ந்து உயர்த்திவிடும். சிங்க் பக்கத்தை உயர்த்தி அடுப்புப் பக்கத்தை இரண்டு மூன்று அங்குலம் இறக்க வேண்டுமானால், மூலையில் பிரித்துக்கொள்ளுங்கள்.

நம் வட ஆற்காட்டு வீடுகளுக்கு என்று ஒன்று சொல்ல வேண்டும். கேழ்வரகுக் களி கிண்டுகிற வீடா? அப்படியானால் எந்த மாடுலர் கிச்சன் படமும் உங்களுக்கு உதவாது. 33 அங்குல மேடை, அதன் மேல் ஸ்டவ், அதன் மேல் குண்டான் என்றால் துடுப்பைப் பிடிக்கிற கை தோளுக்கு மேலே போய்விடும். களிக்கு மேலிருந்து கீழே அழுத்திக் கிண்ட வேண்டும், உடம்பு பாரம் துடுப்பில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் மாவு கட்டி கட்டியாக நிற்கும், தோள்பட்டையும் போகும். பின்பக்க 5 அடியில் 22 அங்குல உயரத்துக்கு இரண்டரை அடி அகலமாக ஒரு தாழ்ந்த மேடை கட்டி, அங்கே ஒற்றை அடுப்பு வையுங்கள். பண்டிகைக்கு பிரியாணி தேக்சா ஏற்றி இறக்கவும் அதுதான் சௌகரியம். செலவு சொற்பம், ஆனால் வரைபடத்தில் இப்போதே இருக்க வேண்டும்.

சிலிண்டரை மேடைக்குக் கீழே வைத்தால் கதவு போட்டு இறுக்கி மூடாதீர்கள், தெற்குச் சுவரில் தரையை ஒட்டி ஜாலி வைத்து சந்துப் பக்கம் காற்றுப் போக விடுங்கள். ஜாலி மேலே இருந்தால் பயனில்லை, காரணம் முன்பே சொன்னதுதான். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஸ்கூட்டியை அந்த ஜாலிக்குப் பக்கத்தில் நிறுத்தவே கூடாது. சிம்னி வைப்பதாக இருந்தால் அடுப்பிலிருந்து 26 முதல் 30 அங்குலம் மேலே, புகைக்குழாய் ஒரே வளைவோடு தெற்குச் சுவரில் வெளியேறட்டும்.

வெயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வேலூரில் இதைச் சொல்லாமல் சமையலறை பற்றிப் பேச முடியாது. தெற்குச் சுவர் காயும் என்று பயப்படாதீர்கள். சித்திரை, வைகாசியில் நமக்குச் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கிறது, அப்போது சூடு இறங்குவது கூரை வழியாகத்தான். ஷெட் தளம் என்பதால் மேலே தட்டோடு பதித்திருக்க மாட்டார்கள், வெறும் கான்கிரீட்டாக இருக்கும். வெள்ளை கூல் ரூஃப் பெயின்டாவது அடியுங்கள், முடிந்தால் தட்டோடு பதித்துவிடுங்கள். கிரானைட்டில் மிச்சம் பிடித்தாவது இதைச் செய்யுங்கள் என்பேன், நாலு மணி நேரம் அங்கே நிற்கப் போவது நீங்கள்.

கேள்வி: எங்கள் ஷெட்டுக்குத் தகரக் கூரை. அதற்குள் பிளைவுட்டில் மாடுலர் கிச்சன் போட விலை பேசிவிட்டோம். சரியா?
வாசகர், குடியாத்தம்

பதில்: முன்பணம் கொடுக்காவிட்டால் நிறுத்துங்கள். தகரத்துக்குக் கீழே மே மாதம் அடுப்பு முன்னால் நிற்க யாராலும் முடியாது, முதலில் கூரைக்குச் செலவு செய்யுங்கள். ஷெட் தரைக்குக் கரையான் மருந்து அடித்திருக்க வாய்ப்புக் குறைவு, பிளைவுட்டைத் தரையோடு உட்கார வைத்தால் கரையானுக்கு அழைப்பு வைத்த மாதிரி. செங்கல் தடுப்பு, கடப்பா கல் தட்டு, வெளியே கதவு மட்டும் அலுமினியத்தில் என்று போட்டால் விலையும் குறையும், துடைக்கவும் சுலபம்.

கேள்வி: ஷெட் தரையில் வண்டி ஆயில் கறை படிந்திருக்கிறது. மேலேயே டைல்ஸ் ஒட்டலாமா?
வாசகி, ராணிப்பேட்டை

பதில்: ஒட்டாது. ஆயில் குடித்த சிமென்ட்டைக் கலவை பிடிக்காது, சில மாதத்தில் டைல்ஸ் தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வரும். கறை உள்ள இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுத் தளம் போடுங்கள். தரையை உயர்த்துவதாக இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

கேள்வி: எங்கள் சொந்த வீட்டு ஷெட்டுக்குள் மாற்றுவதற்கும் அனுமதி வாங்க வேண்டுமா?
வாசகர், ஆற்காடு

பதில்: கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வண்டி நிறுத்தும் இடத்துக்கும், மனை ஓரத்தில் விட வேண்டிய காலி இடத்துக்கும் அளவு வைத்திருக்கின்றன. உங்கள் வரைபடத்தில் ஷெட் என்று காட்டியிருப்பது அந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம். பழைய வரைபட நகலை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்தில் காட்டுங்கள், உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் கூட வந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். புதிதாக ஓவன், கிரைண்டர் எல்லாம் சேரும் என்பதால், மின் இணைப்பின் அனுமதித்த லோடு போதுமா என்பதையும் அதே வாரத்தில் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.